பாப்பாவுக்கு வந்த வசனம்

அன்புள்ள கண்ணு,

கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், இது உன் தங்கை பாப்பாவின் எழுத்து. என் வலது கை விழுந்து ஒரு வருஷம் ஆகிறது. டம்ளரைப் பிடிக்கிறேன், சீப்பைப் பிடிக்கிறேன், பேனா மட்டும் விரலில் நிற்கமாட்டேன் என்கிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, மத்தியான வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நான் பேசுகிற மாதிரியே எழுதாதே, கடிதம் மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன். அவளுடைய ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில்தான் எழுதுகிறாள். முன்பக்கத்தில் ஒரு பூவை இரண்டாக வெட்டின மாதிரி வரைந்து, பாகம் பாகமாகப் பெயர் போட்டிருக்கிறாள். அதைத் தாண்டி வெள்ளைத்தாள் வருகிற இடத்தில் இந்தக் கடிதம் தொடங்குகிறது.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால், ‘டூட்டியில இருக்கேம்மா, அப்புறம் பேசுறேன்’ என்று வைத்துவிடுவாய். வைக்காவிட்டாலும் நான் பாதியில் அழுதுவிடுவேன். நீ ‘சரி விடும்மா, அழாத’ என்பாய், அதோடு முடிந்துவிடும். என் அழுகையில் முடிந்துபோகக் கூடாத விஷயம் இது. நீ படித்தபின் இதை ஒளித்து வைக்காதே. ஷீபா படிக்கட்டும். ராணிப்பேட்டையில் அவளுடைய அப்பா படிக்கட்டும். உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. உன் தங்கை அதற்கு வரமாட்டேன் என்கிறாள். அவள் வர வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நம் வீட்டில் எது நடந்தாலும் நான் அதில் ஒரு செய்தி கண்டுபிடித்துவிடுவேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் ஒரு செய்தி. கம்பெனி வேனைத் தவறவிட்டு நடந்து போனால் ஒரு செய்தி. ஒரு சாயங்காலம் ஜெபத்துக்கு உட்காரும்போது கரண்ட் போய்விட்டது. நீ இருட்டில், ‘எல்லாரும் அமைதி, அம்மா பிரசங்கம் ஸ்டார்ட்’ என்றாய். பாப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். நானும் சிரித்தேன், ஆனால் விடவில்லை. ‘வெளிச்சம் போனாத்தான் பக்கத்துல இருக்கறவங்க மூச்சு கேக்குது பாத்தியா, அதான் செய்தி’ என்றேன். அதிகம் படிக்காத எனக்குப் பெரிய பெரிய விளக்கங்கள் புரியாது. கையில் படுகிற பொருளில் கர்த்தரைக் கண்டுகொள்ளத் தெரியும், அவ்வளவுதான். உன் அப்பா போன பிறகு உங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் நிமிர்ந்து நின்றதே அந்தப் பழக்கத்தால்தான். அது பொய் என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் நான் கண்டுபிடித்த செய்திகளெல்லாம் ஏன் நான் நினைத்த பக்கமே சாய்ந்தன என்று ஒருதரம்கூட என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பசைச் செய்தி உனக்கு மனப்பாடம். பதினெட்டு வருஷம் நான் பேஸ்டிங் டேபிளில் நின்றவள். ஷூவின் மேல்பாகத்தில் ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டை ஒட்ட வேண்டும் என்றால், பசையைத் தடவினவுடனே ஒட்டக் கூடாது. இரண்டு துண்டையும் தனித்தனியாகக் காய வைக்க வேண்டும். விரலை வைத்தால் ஒட்டாதது மாதிரி இருக்கும். அப்போது வைத்து அழுத்தினால் பிறகு யார் இழுத்தாலும் வராது. புதிதாக வருகிற பெண்கள் அவசரப்பட்டு ஈரத்திலேயே ஒட்டிவிட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குவார்கள். ‘தேவனும் அப்படித்தான். ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கற நேரம்தான் அவர் காய வெக்கிற நேரம்’ என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். நல்ல செய்திதான். ஆனால் பாதிச் செய்தி. மீதியும் எனக்குத் தெரியும். அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் பசை ஒட்டாது. டீ டைமுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்தால் துண்டு செத்துப்போயிருக்கும். அந்தப் பாதியை நான் என் மகளிடம் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இனி எழுதச் சொல்லப்போகிறேன்.

முதலில் உன் நிச்சயதார்த்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டையில் சர்ச்சை ஒட்டின ஹாலில், ஜெபம் முடிந்து, தட்டு மாற்றி, எல்லோரும் சாப்பிட எழுந்த நேரம். ஷீபாவின் அப்பா நல்ல மனுஷர். முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர், பிள்ளைகளைப் பார்த்தால் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. பாப்பாவைக் கூப்பிட்டு, ‘நீ இன்னாமா படிக்கிற?’ என்றார். அவள் வாயைத் திறக்குமுன் நீ சொன்னாய், ‘பி.ஏ. இங்கிலீஷ், செகண்ட் இயர், மாமா.’ அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். ‘அட, நம்ம சப்ஜெக்ட்டு! எங்க, ஒரு பொயம் சொல்லு பாக்கலாம்’ என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தபடி அவளையே பார்த்தார்கள். அவள் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். முந்தின நாள் ஷூ கம்பெனி வேலையில் ஒட்டின கறுப்புச் சாயம் எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை, அதை மறைக்கத்தான். அவர் காத்துக்கொண்டே இருந்தார். ‘ரெண்டு லைன் போதும்மா.’ அப்போது நான் குறுக்கே வந்து, ‘அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி சார். வீட்ல நல்லா சொல்லுவா’ என்றேன்.

நீ மட்டும் சொன்ன பொய்யாக இருந்தால் உன்னைத் திட்டி எழுதியிருப்பேன். நீ ஆரம்பித்ததை நான் முடித்து வைத்தேன், கண்ணு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வேலூர் தாண்டும் வரை நகக்கண்ணைச் சுரண்டிக்கொண்டே வந்தாள். பள்ளிகொண்டா பக்கம் வந்தபோது, ‘அம்மா, கல்யாணத்துக்கு நான் வரல. அந்த வாரம் ஷிப்மென்ட் இருக்குது, லீவு தரமாட்டாங்க’ என்றாள். நானும் நம்பினேன். இரண்டு நாள் கழித்து ஷமீம் வந்தாள். பேஸ்டிங் டேபிளில் என் பக்கத்தில் நின்றவள், உனக்குத் தெரியுமே, பெருநாளுக்கு உனக்குச் சேமியா கொண்டுவந்து ஊட்டுவாள். அவள் வாசலிலேயே நின்றுகொண்டு, ‘இன்னாக்கா, அண்ணன் கல்யாணம்னு நாங்களே போய் சூப்பர்வைசர்கிட்ட பேசி நாலு நாள் லீவு வாங்கிக் குடுத்தா, உன் பொண்ணு வேணான்னு சொல்லிட்டு வந்துருக்குது. இதென்ன பேஜாரு? அண்ணன் தங்கச்சிக்குள்ள சண்டையா?’ என்றாள். ‘சண்டையெல்லாம் இல்ல ஷமீம்’ என்றேன். ‘சண்ட இருந்தா பரவால்ல. சண்ட இல்லாம ஒருத்தி அண்ணன் கல்யாணத்துக்கு வேணான்னு சொல்றாளா? அப்ப பெருசா ஏதோ இருக்குது’ என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெரியதாகத்தான் இருக்கிறது. உனக்கு இவ்வளவு சுலபமாகப் பொய் எங்கிருந்து வந்தது, தங்கையின் வாழ்க்கையை எடுத்து வேறு பெயர் போட்டு நீட்டுகிற தைரியம் யார் கொடுத்தது என்று யோசித்தேன். அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. நானே செய்ததுதான்.

நம் வீட்டுப் புது வருஷ வழக்கம் உனக்குத் தெரியும். சர்ச்சில் காலை ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அந்த வருஷத்துக்குத் தேவன் நமக்குக் கொடுக்கிற வசனம். ஆளுக்கு ஒன்று எடுப்போம். எடுத்ததும் எல்லோரும் அங்கேயே திருப்பிப் படித்துவிடுவார்கள். நம் வீட்டில் மட்டும் அது கூடாது. யாரும் பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுக்க வேண்டும், ஜெபம் பண்ணிவிட்டு நான் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்க வேண்டும், பின்பக்கம் அவரவர் பேரை எழுதிக் கொடுக்க வேண்டும். நான் போட்ட சட்டம் அது. அவசரப்பட்டுப் பார்த்தால் ஆசீர்வாதம் போய்விடும் என்று நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது விளையாட்டாகச் சொல்லிவைத்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நீ இருந்த நிலையை நினைத்துப் பார். பிளஸ் டூவில் மார்க் கம்மி. முதல் வருஷம் எங்கேயும் சீட்டு கிடைக்காமல் ஒரு மொபைல் கடையில் நின்றாய். சரியாகச் சாப்பிடமாட்டாய். ‘எனக்கு எதுவும் நடக்காதும்மா, என்னை விட்டுடு’ என்று ஒருநாள் சொன்னாய். அந்தப் புது வருஷக் காலையிலும் பாயில் குனிந்துதான் உட்கார்ந்திருந்தாய். பாப்பா உன் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பதினாலு வயசு. இரண்டு பேரும் அட்டையைக் கொடுத்தீர்கள். நான் கண்ணாடி எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினேன். திரும்பின இடத்திலேயே இரண்டையும் பார்த்துவிட்டேன். உன்னுடையது, பொறுமையாகக் காத்திரு என்று சொல்லுகிற வசனம். அவளுடையது, உன்னை வாலாக வைக்காமல் தலையாக வைப்பேன் என்கிற வசனம். வேண்டுமென்றே திட்டம் போட்டுச் செய்யவில்லை. உன் குனிந்த தலையைப் பார்த்தேன். ஏற்கெனவே காத்திருந்து நொந்துபோனவனிடம் இன்னும் காத்திரு என்று எப்படிச் சொல்வது? கையில் இருந்த இரண்டு அட்டைகளையும் இடம் மாற்றிக்கொண்டேன். மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு திரும்பி, உன் பேரைச் சொல்லி அவளுடைய வசனத்தைப் படித்தேன்.

இந்த வரியைச் சொன்னபோது பாப்பா பேனாவை நிறுத்தினாள்.

‘இதையும் எழுதணுமாம்மா?’

‘எழுது.’

எழுதினாள். எழுத்து நடுங்குகிறதா என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. எழுதி முடித்துவிட்டு எழுந்து போனாள். கொடியில் கிடந்த துணியை எடுத்து, என் புடவை, அவள் சுடிதார் என்று பிரித்து மடித்து வைத்தாள். தண்ணீர் குடித்தாள். திரும்ப வந்து அதே இடத்தில் உட்கார்ந்து, ‘அப்புறம்?’ என்றாள்.

நான்கு வருஷமாக அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. உனக்குச் சொல்வது போல அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவும் ஒரு கோழைத்தனம்தான்.

அப்புறம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். நீ அன்றைக்குத் தலையை நிமிர்த்தினாய். அந்த வசனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாய். ஆறு மாதத்தில் நர்சிங் சீட்டு கிடைத்தது. அந்த நேரத்தில் என் ஒரு சம்பளத்தில் இரண்டு பேர் படிக்க முடியாது என்பது உண்மை. அதை அப்படியே சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். உன்னிடம்கூடக் கேட்டிருக்கலாம், நாம் மூன்று பேரும் உட்கார்ந்து அழுதிருக்கலாம். நான் கர்த்தரைச் சாட்சிக்கு இழுத்தேன். ‘பாப்பா, அண்ணனுக்குத் தலையாக்குவேன்னு வசனம் வந்துருக்குது. உனக்குக் காத்திருன்னு வந்துருக்குது. ஒரு வருஷம் வீட்ல இருந்து வேலை பாரு, அப்புறம் பத்தாவது போலாம்’ என்றேன். பசைச் செய்தியையும் சேர்த்துச் சொன்னேன், கொஞ்சம் காயட்டும் என்று. அவள் உடனே, ‘சரிம்மா’ என்றாள். ‘டீச்சர் கேட்டா இன்னாம்மா சொல்றது?’ என்று மட்டும் கேட்டாள். ‘வசனம் அப்படி வந்துச்சுன்னு சொல்லு’ என்றேன். போய் அப்படியே சொல்லியிருக்கிறாள். அந்த டீச்சர் வீடு தேடி வந்துவிட்டார். ‘வசனமெல்லாம் சரிதாம்மா. காத்திருக்கறதுக்கு டி.சி. எதுக்கு வாங்குறீங்க? ஸ்கூல்லயே காத்திருக்கட்டுமே’ என்றார். எனக்குக் கோபம் வந்தது. விசுவாசம் இல்லாத பேச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு நம் வீட்டு வாசலில் நின்று தேவன் பேசியிருந்தால், அந்த டீச்சர் வாயால்தான் பேசியிருப்பார்.

பிறகு அவள் மூன்று வருஷம் வீட்டில் உட்கார்ந்து கம்பெனி மூட்டை மூட்டையாகக் கொடுத்துவிடுகிற ஷூ மேல்பாகங்களுக்குக் கைத்தையல் போட்டாள். ஊசி ஏறி ஏறி விரல் நுனி கெட்டியாகிப்போனது. பதினெட்டு முடிந்ததும் கம்பெனியில் மெஷினுக்குப் போனாள். ஒரு வருஷம் என்றது இப்படி நாலாகிவிட்டது. ஒவ்வொரு ஜூன் மாதமும் அவள் என் முகத்தை ஒருதரம் பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவேன். காத்திரு என்கிற அந்த அட்டையைச் சாப்பாட்டு டப்பா மூடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டிவைத்திருக்கிறாள். தினமும் மத்தியானம் திறக்கும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறாள். பின்பக்கம் அவள் பேரை எழுதியது என் கைதான். உன் பர்ஸில் இருக்கிற அட்டையில் உன் பேரை எழுதியதும் அதே கைதான்.

அந்தக் கைதான் விழுந்துபோனது. அது தண்டனை என்று ஒரு செய்தி கண்டுபிடிக்க மனம் ஓடுகிறது, கண்ணு. பிடித்து நிறுத்துகிறேன். டாக்டர் பிரஷர் என்றார், பிரஷர்தான். தண்டனை என்று சொல்லிக்கொண்டால் என் கணக்கு தீர்ந்த மாதிரி ஆகிவிடும். தீரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைக் கட்டிங் பக்கம் உதவிக்கு விட்டிருந்தார்கள். ஆட்டுத்தோலை விரித்தால் முதுகுப் பக்கம் கெட்டியாக, அழகாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுபடும். அங்கிருந்த மாஸ்டர் சொல்வார், ‘ஜோடிய ஒரே எடத்துல வெட்டும்மா. ஒரு கால முதுகுலயும் ஒரு கால வயித்துலயும் வெட்டுனா மொத நாள் ஒண்ணும் தெரியாது. போடப் போட ஒண்ணு நிக்கும், ஒண்ணு தொங்கும். அப்பறம் ரெண்டையும்தான் தூக்கிப் போடணும்.’ இதில் நான் ஒருநாளும் செய்தி கண்டுபிடிக்கவில்லை பார். பதினெட்டு வருஷம் கண் முன்னால் இருந்தது. உன்னை முதுகில் வெட்டினேன், அவளை வயிற்றில் வெட்டினேன். உன் நிச்சயதார்த்தத்தில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தபோது, நீயே அந்த வித்தியாசத்தைப் பார்த்து வெட்கப்பட்டுப் பொய் சொன்னாய்.

போன ஞாயிறு பிரசங்கத்தில், கண் மங்கிப்போன தகப்பன் தடவிப் பார்த்து, உடம்பெல்லாம் ரோமமான மூத்தவன் என்று நம்பி ஆசீர்வதிக்கட்டும் என்று, இளைய மகனுடைய கையிலும் கழுத்திலும் ஆட்டுக்குட்டித் தோலைக் கட்டி அனுப்பின தாயைப் பற்றி பாஸ்டர் பேசினார். வருஷத்துக்கு ஒருமுறை கேட்கிற கதைதான். எப்போதும் நான் அந்த மகன்களைப் பற்றித்தான் நினைப்பேன். இந்தமுறை அந்தத் தாய் தோலை வெட்டி அளவு பார்த்துக் கட்டின கையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைமேல் வைத்த பாசத்தில்தானே செய்தாள்? வீட்டுக்கு வந்து அந்த அதிகாரங்களைத் தேடித் தேடிப் படித்தேன். அண்ணன் கோபம் ஆறினதும் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடுவான் என்று நினைத்து அந்த இளைய மகனைத் தூர ஊருக்கு அனுப்பி வைக்கிறாள். அதற்குப் பிறகு அவள் அவனை ஒருதரமாவது பார்த்ததாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கடைசிப் பக்கம் வரை தேடினேன். இல்லை.

கண்ணு, நீ கல்யாணம் செய்துகொண்டு போகப்போகிறாய். ஒரு தாய் சொல்ல வேண்டிய புத்தி எத்தனையோ இருக்கிறது. நான் ஒன்றைத்தான் சொல்லத் தகுதி உள்ளவள். உன் வீட்டில் யாராவது உடனே ‘சரி’ என்று சொல்லிவிட்டால் சந்தோஷப்பட்டு எழுந்து போய்விடாதே. உட்கார்ந்து, ஏன் சரி என்றாய் என்று கேள். சண்டை போடுகிறவர்களைப் பார்த்துக்கொள்ள ஆயிரம் பேர் வருவார்கள். சரி என்று சொல்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாமலே தேய்ந்துபோவார்கள். உன் பிள்ளைகளுக்கு வசனம் படித்துக் காட்டினால் அட்டையில் இருப்பதைப் படி. தினமும் நடக்கிறவற்றில் தேவன் பேசுகிறாரா என்று தேடு, தாராளமாகத் தேடு. ஆனால் அவர் பேசுவது உனக்கு வசதியாக இருந்தால் இன்னொருதரம் கேட்டுப் பார்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் ஆம்பூருக்கு வா. ஷீபாவையும் கூட்டிக்கொண்டு வந்தால் நல்லது. வரும் வழியில் ராணிப்பேட்டையில் இறங்கி, என் தங்கச்சி ஷூ கம்பெனியில் மெஷின் தைக்கிறாள், அவள் படிப்பு நின்றதால்தான் நான் படித்தேன் என்று அவளுடைய அப்பாவிடம் உன் வாயால் சொல். அவர் வாத்தியார், புரிந்துகொள்வார். புரிந்துகொள்ளாவிட்டால் அதையும் பார்த்துக்கொள்வோம். பிறகு வீட்டுக்கு வந்து, உன் பர்ஸில் இருக்கும் அட்டையை எடுத்து, அது யாருடையதோ அவள் கையில் கொடு. கல்யாணத்துக்கு வா என்று அதற்குப் பிறகு கூப்பிடு. அதற்கு முன்னால் கூப்பிடாதே. பத்தாவது பரீட்சையைத் தனியாக எழுதலாமாம், ஷமீமின் அண்ணன் மகள் எழுதியிருக்கிறாள். செத்த துண்டின்மேல் பழைய பசையைச் சுரண்டிவிட்டு மறுபடி தடவினால் ஒட்டும். முன்பு மாதிரி அவ்வளவு சுத்தமாக வராது, சுரண்டின தடம் தெரியும். ஆனாலும் ஒட்டும். அதை நான் கையால் செய்து பார்த்திருக்கிறேன்.

உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இரண்டு பேர் முகத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும்.

உன் அம்மா.

*

அண்ணா,

இதற்கு மேல் அம்மா சொன்னது இல்லை. அம்மா தூங்கிவிட்டாள். நானாக எழுதுகிறேன். அவளிடம் படித்துக் காட்டமாட்டேன், தாங்கமாட்டாள்.

அந்தப் புது வருஷத்தன்று சர்ச்சிலிருந்து நடந்து வரும்போது நான் என் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். பார்க்கக் கூடாது என்று தெரியும். நீயும் அம்மாவும் முன்னால் போய்க்கொண்டிருந்தீர்கள், ரயில்வே கேட் மூடியிருந்தது, ஒரு நொடி பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்துக்கொண்டேன். வீட்டில் அம்மா அந்த வசனத்தை உன் பேரைச் சொல்லிப் படித்தாள். அம்மா மாற்றியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் திருட்டுத்தனமாகப் பார்த்ததால் தேவன் அதை என்னிடமிருந்து எடுத்து உனக்குக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். நாலு வருஷமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு மத்தியானம் எழுதும்போதுதான் தெரிந்தது.

ஷிப்மென்ட் என்று சொன்னது பொய். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஷீபா அண்ணியின் அப்பா கேட்டபோது எனக்கு ஒரு பொயம் தெரியும். எட்டாவதில் படித்தது. சொல்ல முடியும்தான். சொன்னால் நீ சொன்னது நிஜம் ஆகிவிடும் என்று சும்மா நின்றேன்.

அட்டையைக் கொண்டுவா. அன்றைக்குக் கேட் திறப்பதற்குள் அவசரமாகப் பார்த்தது, கடைசி வரியை நான் படிக்கவே இல்லை.